ஸீட்டுக்குள் ஒரு சீட்டு

அமெரிக்காவில் பழைய மோட்டார் காரை விலை பேச வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார் வந்ததும் வராததுமாக முன்பக்கத்து மூடியைத் தூக்கச் சொல்லி எஞ்சினைப் பார்ப்பார்கள். "அடேயப்பா!" என்பார்கள். இரண்டாம் ரகத்தார் வாயே திறக்க மாட்டார்கள். கதவைத்தான் திறப்பார்கள். தலையை உள்ளே நீட்டி மூச்சை ஒரு தரம் ஆழ இழுப்பார்கள். காரின் ஜாதகத்தில் பாதி அதிலேயே தெரிந்து விடும்.

நனைந்த சாக்கு போல வாடை அடித்தால், கண்ணாடி விளிம்பிலோ வேறெங்கோ மழைத் தண்ணீர் ஒழுகி, கம்பளத்துக்கு அடியில் தகடு துருப்பிடித்துக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூக்கைத் துளைக்கும் மூத்திர நாற்றம் என்றால், ஸீட்டுக்குள்ளே எலிகள் பல தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருக்கின்றன. லேசாகத் தித்திப்பு கலந்த வாசனை வந்தால் மயங்கி விடக் கூடாது. குளிர் காலத்தில் காருக்குள் உஷ்ணம் தருவதற்கென்று ஹீட்டர் ஒன்று உண்டு. அது ஒழுகி, ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கம்பளத்தில் ஊறியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் விடச் சந்தேகத்துக்குரியது எது தெரியுமா? கமகமவென்று வரும் புது வைனில் வாசனை! 'யாரோ எதையோ மூடி மறைத்திருக்கிறார்கள், ஜாக்கிரதை!' என்று அது சொல்கிறது.

இப்படி மோப்பம் பிடித்து வாங்குகிற அளவுக்கு அந்தக் கார்களில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

இவற்றுக்கு 'மஸில் கார்' என்று பெயர். நம் பாஷையில் பயில்வான் கார் எனலாம். குடும்பஸ்தர்கள் வாங்கும் நடுத்தரமான, சாதுவான காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்து விட்டால் அதுதான் பயில்வான் கார். இந்த வம்சத்துக்கு மூல புருஷன் என்று பெரும்பாலோர் சொல்வது 1964-ஆம் வருஷத்து பான்டியாக் ஜி.டி.ஓ. அது பிறந்த விதமே ஒரு வேடிக்கை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஒரு விதி செய்திருந்தது. அதே கம்பெனியின் கிளையான பான்டியாக்கில் இருந்த ஜான் டிலோரியன் முதலிய என்ஜினீயர்கள் அந்த விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தனிக் காராக விற்றால்தானே விதி? 'டெம்பெஸ்ட் லெமான்ஸ்' என்ற காருக்கு, விருப்பப்பட்டவர்கள் கூடுதலாக வாங்கிக் கொள்ளும் சாமான் என்று போட்டு விட்டால்? ஏறக்குறைய 295 டாலர் கூடக் கொடுத்தால் 389 கன அங்குல எஞ்சின். 325 குதிரை சக்தி. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் மூன்று கார்புரேட்டர். 348 குதிரை சக்தி.

ஐயாயிரம் வண்டி போனால் பெரிது என்று விற்பனை இலாகாவினர் கணக்குப் போட்டார்கள். முதல் வருஷத்தில் போனது 32,450. அடுத்த வருஷம் 75,352. அதற்கடுத்த வருஷம் 96,946! பிறகு மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு பயில்வானைக் கோதாவில் இறக்கினார்கள். இன்ஷ்யூரன்ஸ் கட்டணமும், புகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1973-ல் வந்த பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துதான் அந்தக் குஸ்தியை முடித்து வைத்தன. பான்டியாக்கின் பழைய ஜி.டி.ஓ. வரிசை 1974-உடன் நின்றது. 2010-ல் பான்டியாக் என்ற பெயரே நின்று போயிற்று.

அன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் வாங்கி ஓட்டிய அந்தக் கார்களை இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்களும் அவர்களுடைய மக்களும் தேடித் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். எஞ்சினைப் புதுப்பிப்பது பெரிய வேலைதான். ஆனால் எஞ்சின் இரும்பு. அளவெடுத்துக் கடையலாம், மாற்றலாம். சரியா தப்பா என்று கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்து விடும். காரின் உள் அலங்காரம் அப்படியல்ல. அது பஞ்சும் சணலும் அட்டையும் பிளாஸ்டிக்குமாகச் செய்தது. ஐந்தாறு வருஷம் தாங்கினால் போதும் என்று நினைத்துச் செய்த சாமான். அறுபது வருஷம் கழித்து ஒருவன் வந்து, ஒவ்வொரு நூலாகப் பிரித்துப் பார்ப்பான் என்று தொழிற்சாலையில் யாரும் கனவு கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து பான்டியாக் ஸீட்டுகளின் உறைக்கு 'மாரோகைட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்பதற்கு மொராக்கோ தேசத்து ஆட்டுக்குட்டித் தோல் போல இருக்கிறதல்லவா? ஆட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சுத்தமான வைனில்! வைனில் என்பது இயற்கையில் விறைப்பான வஸ்து. எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்த்துத்தான் அதை மிருதுவாக்குகிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாக ஒரு படலம் படிகிறதே, அதில் பெரும் பங்கு இதுதான். திரவம் போகப் போக உறை சுருங்கும், விறைக்கும், கடைசியில் தையல் ஓரமாகப் பிளக்கும். ஆகையால் அரிஸோனா போன்ற பாலைவனப் பிரதேசத்துக் காருக்கு உடம்பு திடமாக இருக்கும்; உள்ளே அப்பளமாகப் பொரிந்திருக்கும். மிச்சிகன் போன்ற பனிப் பிரதேசத்துக் காருக்கு உள்ளே பார்வையாக இருக்கும். பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு, அடித் தகட்டைத் தின்று தீர்த்திருக்கும். இரண்டும் நன்றாக உள்ள கார் கிடைத்தவன் பாக்கியசாலி. அவன் அதைச் சொல்லிக் கொண்டு திரிய மாட்டான்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். அநுபவசாலிகள் முதலில் கையில் எடுப்பது ஸ்பானரை அல்ல, காமிராவை. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது, எந்த ஒயர் எதற்கு அடியில் போயிற்று என்பதையெல்லாம் படம் பிடித்துக் கொள்கிறார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் தனித் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். "எனக்குத்தான் ஞாபகம் இருக்குமே!" என்று சொல்லுகிறவர்களின் கார்கள் பாதி வேலையில், ஒரு பெட்டி நிறைய அநாமதேய ஸ்க்ரூக்களோடு விற்பனைக்கு வருவது அங்கே சர்வ சாதாரணம்.

முன் ஸீட்டுகள் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியவை. பின் ஸீட் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. முழங்காலை வைத்துப் பின்னால் ஓர் அழுத்து அழுத்தி மேலே தூக்கினால் வந்து விடும். அதைத் தூக்குகிற நிமிஷம் இருக்கிறதே, அது ஒரு புதையல் வேட்டை. பென்ஸில், தலைக்கு மாட்டும் ஊசி, சினிமா டிக்கெட், சாக்லேட் காகிதம், சில்லறை எல்லாம் கிடைக்கும். சில்லறையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். 1964 என்று தேதி போட்ட கால் டாலர் அகப்பட்டால் அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965-ல் சட்டம் மாற்றி, கால் டாலரிலிருந்து வெள்ளியை எடுத்து விட்டார்கள்.

ஆனால் விஷயம் தெரிந்தவர்களின் கண் சில்லறையில் இல்லை. ஸீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பிரிங்குகளுக்கு இடையே தேடுகிறார்கள். அங்கே மடித்துச் செருகிய ஒரு காகிதம் இருந்தாலும் இருக்கும்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஒரு கார் உருவாகும்போது, அதற்கு என்ன எஞ்சின், என்ன கியர், என்ன நிறம், எந்த நிற ஸீட், ரேடியோ உண்டா இல்லையா என்பதையெல்லாம் எண்களிலும் குறிகளிலும் அச்சடித்த சீட்டு ஒன்று வேலைக்காரர்களுக்குத் தரப்படும். 'பில்ட் ஷீட்' என்பார்கள். வேலை முடிந்ததும் அது குப்பை. சில தொழிற்சாலைகளில் ஆட்கள் அதை ஸீட் ஸ்பிரிங்கிலேயே விட்டு விடுவார்கள். சிலவற்றில் பெட்ரோல் டாங்க்கின் மேலே கிடக்கும். சிலவற்றில் கம்பளத்துக்கு அடியில். பல கார்களில் இருப்பதே இல்லை. இருந்தாலும் எலி தின்றது போக, துரு அரித்தது போக மிஞ்சியதுதான். அடுத்து வந்த காரின் சீட்டு தவறி இந்தக் காருக்குள் போன வேடிக்கையும் உண்டு!

அந்தக் கந்தல் காகிதத்துக்கு இன்று ஏன் இத்தனை மதிப்பு? முன்னே சொன்ன சந்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 1964-லும் 1965-லும் ஜி.டி.ஓ. என்பது தனிக் கார் அல்ல. லெமான்ஸ் காருக்கு மேல் வாங்கிய கூடுதல் சாமான். காரின் மேல் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தால் அது ஜி.டி.ஓ.வா, சாதாரண லெமான்ஸா என்று தெரியாது. 1966-ல் தனி மாடலாக ஆன பிறகுதான் எண்ணிலேயே தெரியும். ஆகையால் சாதாரண லெமான்ஸை வாங்கி, எஞ்சினை மாற்றி, உள்ளே வெளியே ஜி.டி.ஓ. சின்னங்களை ஒட்டி, அசல் என்று விற்று விடும் கில்லாடிகள் கிளம்பினார்கள். இதற்குப் பரிகாரமாக, பான்டியாக் கம்பெனியின் பழைய விற்பனைப் பதிவுகளை வைத்துக் கொண்டு, இன்ன எண்ணுள்ள கார் இன்ன சாமான்களோடு போயிற்று என்று நகல் எடுத்துக் கொடுக்க 'பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீஸஸ்' என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அந்த நகலும் ஸீட்டுக்குள் கிடைத்த சீட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால், கார்க்காரன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவான்.

சீட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வேலை கம்பளத்தைப் பெயர்ப்பது. அதன் அடியில் சணல் மெத்தை. அதற்கும் அடியில் தார் பூசிய காகிதம். அதற்கும் அடியில்தான் உண்மை. காலடித் தகட்டில் கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, கீழே தரை தெரிவது ஆச்சரியமல்ல. இந்த இடத்தில் அவசரக்காரர்கள் ஒரு தகரத்தை வைத்து ஒட்டி, மேலே புதுக் கம்பளத்தைப் போர்த்தி விடுகிறார்கள். அதனால்தான் புது வாசனையைக் கண்டு பயப்பட வேண்டும் என்றேன். நல்ல வேலைக்காரன் துருப்பிடித்த பாகத்தை நல்ல இரும்பு வரும் வரையில் வெட்டி எடுத்து, அச்சில் அழுத்திய புதுத் தகட்டைப் பற்றவைத்து, அதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைக்கிறான். ஒழுக்கை அடைக்காமல் தகட்டை மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

புதுக் கம்பளம் காரின் தரைக்கு ஏற்றபடி மேடு பள்ளமாக வார்த்தே கிடைக்கிறது. அந்தக் காலத்து மாதிரி வேண்டுமென்றால் நூற்றுக்கு எண்பது ரேயான், இருபது நைலான் கலந்து, சுருள் சுருளாக நெய்தது. அதில் ஸீட் போல்ட்டுக்கு ஓட்டை போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. துரப்பணத்தைக் கொண்டு துளைத்தால் அது ஓர் இழையைப் பிடித்துக் கொண்டு சுற்றும். கம்பளத்தின் நடுவே ஒரு கோடு விழுந்து விடும். ஆகையால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்துகிறார்கள். ஓட்டையின் ஓரம் உருகி இறுகி, இழை பிரியாமல் நின்று விடுகிறது.

அடுத்தது தலைக்கு மேலே இருக்கும் கூரைத் துணி. துணி என்று பேரே தவிர, அதுவும் வைனில்தான். பொறுமையைச் சோதிப்பதற்கென்றே கடவுள் படைத்த வேலை இது. கூரைத் துணியை வில் போல வளைந்த இரும்புக் கம்பிகள் தாங்கி நிற்கின்றன. துணியின் முதுகில் தைத்த உறைகளில் அந்தக் கம்பிகளை நுழைத்து, இரு பக்கமும் உள்ள ஓட்டைகளில் மாட்ட வேண்டும. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு வில்லுக்கும் வளைவு வேறு. எண் போடாமல் கழற்றினால் தீர்ந்தது! மாட்டிய பிறகு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்து இழுத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒரு மூலையில் சுருக்கத்தை எடுத்தால் அது எதிர் மூலையில் போய் உட்கார்ந்து கொண்டு சிரிக்கும். குளிரில் இந்த வேலைக்கு ஆகாது; வைனில் இளகிக் கொடுக்காது. வெயில் நாளாகப் பார்த்து, துணியை முன்னதாகவே வெளியில் விரித்துக் காய வைத்துப் பிறகு மாட்டுகிறார்கள். வேலை முடியும் வரை இரண்டு கைகளும் தலைக்கு மேலே. ஒரு நாள் செய்து பார்த்தவர்கள் மறுநாள் சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டு போக முடியாமல் திண்டாடுவார்கள்.

கதவின் உட்பலகையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் மேல் வைனிலை ஒட்டியது அது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அட்டையில் படாமல் இருக்க, நடுவில் தண்ணீர் புகாத காகிதம் ஒன்று இருக்க வேண்டும். அதைக் கிழித்து எறிந்து விட்டுப் புதுப் பலகையைப் போட்டால் சில மழைகளுக்குள் அதுவும் உப்பிக் கொள்ளும். முகப்புப் பலகைக்கு வருவோம். 1964 ஜி.டி.ஓ.வில் மீட்டர்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுழிகளாக அரைத்தது போன்ற அலுமினியத் தகடு பளபளக்கும். பந்தயக் கார்களைப் பார்த்து வந்த ஆசை. அடுத்த வருஷமே அது போய் மரத் தோற்றம் வந்து விட்டது. அதனால் அந்தச் சுழித் தகட்டின் மேல் ரசிகர்களுக்குத் தனிப் பிரியம். அதை வேகமாகத் தேய்த்துத் துடைத்துச் சுழியை மழுங்க அடித்து விட்டால் திருப்பிக் கொண்டு வர முடியாது.

இனி ஸீட். இதுதான் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி.

பழைய உறையைக் கழற்றினால் உள்ளே முதலில் பஞ்சும் நுரை மெத்தையும். பிறகு சணல் சாக்கு. பிறகு ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும். நுரை மெத்தை அறுபது வருஷத்தில் உதிர்ந்து, கையில் எடுத்தால் பொரிமாவு போலக் கொட்டும். உறையைச் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருப்பவை சின்னஞ்சிறு கம்பி வளையங்கள். அவற்றுக்குப் 'பன்றி வளையம்' என்று பெயர். பன்றி நிலத்தைக் கிளறாமல் இருக்க மூக்கில் மாட்டும் வளையம்தான் ஆதியில் இது. அதற்கென்றே வாய் வளைந்த ஒரு குறடு இருக்கிறது. ஒரு ஸீட்டுக்கு இத்தனை வளையமா என்று மலைத்துப் போகும்படி வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, சட்டத்தைத் துருப் போகச் சுரண்டி வர்ணம் பூசி, அறுந்த ஸ்பிரிங்கை மாற்றி, புதுச் சாக்கு விரித்து, புது மெத்தை வைத்து, அதன் மேல் புது உறையை மாட்ட வேண்டும். உறையின் உட்புறத்தில் ஓடும் கம்பிகளைப் பழைய உறையிலிருந்தே உருவிக் கொள்ள வேண்டும். தெரியாமல் பழைய உறையோடு அவற்றையும் குப்பையில் எறிந்து விட்டுப் பிறகு குப்பைத் தொட்டியைக் கிளறியவர்கள் அநேகம்.

புது உறை சற்று இறுக்கமாகத்தான் தைத்திருப்பார்கள். அப்போதுதான் சுருக்கம் விழாது. வெயிலில் காய வைத்து, இளகினவுடன் இரண்டு பேராகப் பிடித்து இழுத்து மாட்டுவார்கள். வளையங்களை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். மிச்சமிருக்கும் சுருக்கத்தை நீராவியால் எடுக்கலாம். ஒரு விஷயம். அசல் ஸீட்டில் வரி வரியாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் தையல் அல்ல. அதிர்வு மிகுந்த மின்சாரத்தைச் செலுத்தி, வைனிலை உருக்கி அச்சாகப் பதித்தது. இன்று நல்ல நகல் உறை செய்கிறவர்கள் அதே முறையில்தான் பதிக்கிறார்கள். மலிவுச் சரக்கில் அதையும் ஊசி நூலால் தைத்திருப்பார்கள். தூரத்தில் தெரியாது, தெரிந்தவன் கிட்டே வந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்து விடுவான்.

நடுவே ஓர் எச்சரிக்கை. பழைய ஸீட் பெல்ட்டை மட்டும் அழகுக்காக அப்படியே வைத்துக் கொள்ளக் கூடாது. வெயிலில் இற்றுப் போன நாடா, அவசரத்துக்கு அறுந்து விடும். கொக்கியைப் பழையதாகவே வைத்துக் கொண்டு நாடாவைப் புதிதாகப் போட்டுக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் கைத்திறமையைப் பற்றியது. பணமும் பொறுமையும் இருந்தால் நடந்து விடும். உண்மையான சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு மகன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். தகப்பனார் வாங்கிய கார் அவனிடம் வந்திருக்கிறது. ஓட்டுகிறவர் ஸீட்டின் இடது ஓரம் தேய்ந்து நைந்து பஞ்சு தெரிகிறது. அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடது பக்கம். அந்த ஓரத்தில்தான் அவர் ஆயிரக்கணக்கான தடவை சறுக்கி இறங்கினார், ஏறினார். ஸீட்டில் ஒரு சிகரெட் சுட்ட ஓட்டை. ஸ்டீயரிங் சக்கரத்தில் அவர் கை வைக்கும் இடத்தில் மட்டும் சொரசொரப்புப் போய் வழவழப்பு. இந்த ஸீட்டைப் புதுப்பிப்பது என்றால் என்ன அர்த்தம்? பக்கத்து வீட்டுக்காரர், "கந்தலாக இருக்கிறதே, மாற்று!" என்கிறார். மகனுக்கோ குறட்டை எடுத்தால் கை வரவில்லை.

பல காலம் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. எல்லாவற்றையும் மாற்று, கார் தொழிற்சாலையிலிருந்து வந்த தினத்தில் இருந்ததை விட அழகாக்கு! அப்படியே செய்தார்கள். தொழிற்சாலையில் கோணலாக ஓடிய தையல், நகலில் நூல் பிடித்தாற்போல ஓடிற்று. தரைத் தகட்டின் அடியில் அவசரத்தில் வழிந்த பெயிண்ட் எல்லாம் கண்ணாடி போல மின்னிற்று. பிறகுதான் சிலருக்கு உறைத்தது. 'ஒரு கார் ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும்' என்று பேசத் தொடங்கினார்கள். கோயில் திருப்பணியில் பழைய கல் சிற்பத்தின் மேல் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து, சிற்பியின் உளி விழுந்த தடத்தையே அழித்து விடுவதைப் பற்றி நம் ஊரில் அறிஞர்கள் வருந்துகிறார்களே, அந்த மாதிரி. 1935-ல் ஏற்பட்ட அமெரிக்கப் பழங்கார் சங்கம், புதுப்பிக்காமல் அசலாகவே காப்பாற்றி வைத்த கார்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அங்கே தேய்மானம் குறையல்ல.

ஆனால் அசலைக் காப்பாற்றுவதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. பழைய உறையைக் கழற்றி உள்ளே மெத்தையை மட்டும் மாற்றலாம் என்றால், கழற்றும்போதே தையல் விட்டுப் போகலாம். கிழிந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம் என்றால், புதுத் துண்டின் நிறமும் மேற்புறத்து ரேகையும் பழசோடு சேராமல், கிழவர் வாயில் ஒற்றைத் தங்கப் பல் கட்டியது போல எடுப்பாகத் தெரியும். கெட்டிக்காரர்கள் ஸீட்டின் பின்புறத்திலோ அடியிலோ வெளியே தெரியாத இடத்திலிருந்து பழைய வைனிலையே வெட்டி எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள். சிலர் புது உறையைப் போட்டு ஓட்டுகிறார்கள். பழைய உறையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள்.

இதற்குள் அந்தச் சீட்டு வேறு வந்து குட்டையைக் குழப்பினால்?

மகன் ஸீட்டைப் பிரிக்கிறான். ஸ்பிரிங்குக்குள் சீட்டு கிடைக்கிறது. அதில் உள் அலங்காரத்துக்கு உரிய எண்ணைப் பார்க்கிறான். எஞ்சின் பக்கத்து இரும்புச் சுவரில் அடித்துள்ள தகட்டோடு ஒப்பிடுகிறான். இரண்டும் நீலம் என்கின்றன! அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது கறுப்பு ஸீட். உறையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் கறுப்புச் சாயத்துக்கு அடியில் நீலம் எட்டிப் பார்க்கிறது. என்றைக்கோ தகப்பனார் மனசு மாறிக் கறுப்பாக்கி விட்டார். போட்டி நடுவர்களிடம் கேட்டால் "நீலம்தான் அசல்" என்பார்கள். விற்கப் போனாலும் நீலத்துக்குத்தான் விலை. தகப்பனாரோ நீல ஸீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் உட்கார்ந்தது கறுப்பில்.

விற்பதற்கென்று வாங்கிய காராக இருந்தால் யோசனையே வேண்டாம். சீட்டு சொல்கிறபடி செய்து விட வேண்டியது. வாங்குகிறவனுக்கு அதுதான் நியாயம். வீட்டுக் கார் என்றால் என் கட்சி கறுப்பு. சீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, கறுப்பு ஸீட்டில் உட்கார்ந்து ஓட்டட்டுமே! நீலம் அடியில் எங்கேயும் ஓடிப் போய் விடாது. இதைக் கேட்டால் போட்டிக்குக் கார் கொண்டு போகிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள் என்று தெரியும்.

எந்த நிறமானாலும் கடைசி வேலை ஒன்றுதான். கூரைத் துணி, கம்பளம், கதவுப் பலகை எல்லாம் முடிந்து, முன் ஸீட் உள்ளே போகிறது. கம்பளத்தில் சூட்டுக் கம்பியால் போட்ட ஓட்டைகளில் போல்ட்டுகள் இறங்குகின்றன. மெத்தை தைக்கிறவர்களுக்குள் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. உறையை மூடுவதற்கு முன்னால், வெளியே தெரியாத இடத்தில், சட்டத்தின் மேல் தங்கள் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பார்கள். காரைத் தாங்களே புதுப்பிக்கிறவர்களிலும் சிலர், கடைசி வளையத்தைக் குறட்டால் நெருக்குவதற்கு முன், இன்னின்ன மாற்றினேன், இன்னின்ன அசலாகவே விட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, ஸ்பிரிங்குகளுக்கு இடையே செருகி விடுகிறார்கள்.